காயாத மஞ்சள்

"இன்னும் காயலை சார்," என்றாள். படத்தில் பூசிய மஞ்சள் காய்ந்து வெகுநாளாகியிருந்தது.

ஜன்னலோர நாற்காலியில் இருந்த பெரியவர் சிரித்தார். "அது காயறதுக்குள்ள நான் காஞ்சு கருவாடாயிடுவேன் போல."

அருங்காட்சியகத்தின் பின்புறம் அவளுடைய ஆய்வறை. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டச்சு ஓவிய மேதை ஒருவர், ஜன்னலருகே அமர்ந்த கிழவரை எந்தச் சாயத்தால், எந்த வரிசையில் வரைந்தார் என்று கண்டறிவது வேலை. அதற்காகப் பெரியவரை முன்னால் உட்கார வைத்து, அதேபோல் ஒரு படத்தை அடியிலிருந்து வரைந்துகொண்டிருந்தாள். முதலில் பழுப்பு. மேலே ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்ட மஞ்சள். அதற்கும் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது.

அந்தக் கடைசிப் பூச்சு மட்டும் பாக்கி. அது முடிந்தால் பெரியவர் வர வேண்டியதில்லை.

முதல் நாள் அவர் சொல்லியிருந்தார்: "ரிட்டயர் ஆனவனுக்கு வீட்ல என்னம்மா வேலை? எத்தனை நாள்னாலும் உக்காரறேன்."

ஆளில்லாத வீடு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

படத்துக்காக அவர் போட்டிருந்த மஞ்சள் அங்கியின் கையில், போன வாரம் அறுந்த பொத்தான் மறுபடி இருந்தது. நுணுக்கமான தையல்.

"நீங்களே தச்சீங்களா சார்?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அந்த டச்சுக்காரர் முன்னாடி உக்காந்த கிழவனுக்குக் குடும்பம் குட்டி இருந்திருக்காதும்மா. இருந்தா இப்படி விட்டு வெச்சிருப்பாங்களா?"

அவள் தூரிகையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

துறைத் தலைவர் உள்ளே வந்தார். படத்தருகே குனிந்தார். "அந்த அங்கிக் கை பிரமாதம். இன்னைக்கே முடிச்சிடுங்க. நாளைக்கு எக்ஸ்ரே எடுத்து மூலப்படத்தோட ஒப்பிடணும்." வந்த வேகத்தில் போனார்.

பெரியவர் அங்கியைக் கழற்றப் போனார். "அப்ப நம்ம கடையைக் கட்டிடலாம்."

"இல்ல சார். கை சரியா வரலை."

கத்தியை எடுத்தாள். பார்த்துப் பார்த்துப் போட்ட மஞ்சளைச் சுரண்டினாள். அது சருகுபோல் மேசையில் உதிர்ந்தது. தலைவர் திட்டுவார். திட்டட்டும்.

பெரியவர் எழுந்து வந்தார். ஒரு துணுக்கை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"தொடாதீங்க சார், ஈயம். கையக் கழுவிடுங்க."

கழுவிவிட்டு வந்து அவள் முகத்தையே சற்றுநேரம் பார்த்தார்.

"திங்கக்கிழமை வந்துடறேம்மா. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

அவர் போன பிறகும் அவள் அந்த வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் இறங்கியதும் பெரியவர் கைபேசியை எடுத்தார்.

"நீ பேரப்பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்பு. நான் இப்ப வரலை," என்றார். "இந்தப் பொண்ணுக்குப் பேச யாருமே இல்லடி."