ராணி இருந்த அறை

“நான், எங்கப்பா, என் தம்பி, இவ என் வீட்டுக்காரி. மொத்தம் நாலு பேர். கூடாரம் ஒழுகுதுங்க. மழை விடற வரைக்கும் உள்ளே ஒதுங்கிக்கலாமா?”

கோட்டைக் காவல்காரர் ஏற இறங்கப் பார்த்தார். மூன்று ஆண்கள் கைவீசிக்கொண்டு நின்றார்கள். அடுப்பு, பாத்திரம், போர்வை எல்லாம் நாலாவது ஆளின் தோளில் தொங்கின.

“இந்த மழைக்காட்டுல கூடாரமா? யார் குடுத்த யோசனை?”

“டாக்டர்தான். இவ ரெண்டு தடவை மயக்கம் போட்டு விழுந்துட்டா. ஓய்வு குடுக்கலைன்னா உடம்பு தாங்காதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார். அதான் கூட்டிட்டு வந்தேன்” என்றான் கணவன், பெருமையாக. பூட்டு ரிப்பேர் கடைக்காரன் அவன். கடைக்கு லீவு விட்டதே பெரிய தியாகம் என்று நினைப்பு.

“அண்ணி! சாக்ஸுக்குள்ள அட்டை!” என்று தம்பி அலறினான். அவள் குனிந்து பிடுங்கிப் போட்டாள்.

“என் மாத்திரை எங்கம்மா?” என்றார் மாமனார். எடுத்துக் கொடுத்தாள்.

கோட்டைக்குள் எங்கும் பாசி. சுவரைப் பிளந்துகொண்டு தொடை பருமனுக்கு வேர்கள். படியேறியதும் ஓர் அறை; அதன் கதவு பாதி திறந்தபடி இறுகிப்போயிருந்தது.

“ராணி அறை” என்றார் கூடவே வந்த காவல்காரர். “ராஜா ஒரு சந்தேகப் பிராணி. ராணியை இதுக்குள்ள அடைச்சுப் போட்டுட்டான். கடைசிவரைக்கும் அந்தம்மா வெளியே வரலை.”

“என்ன தப்புப் பண்ணிச்சோ” என்றார் மாமனார்.

அவள் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “சாப்பாடு?”

“ராணி ஜன்னல் வழியா கயிறு விடுவாங்களாம். கூடையில கட்டி அனுப்புவாங்க.”

“கதவைத் திறந்து குடுத்திருக்கலாமே?”

காவல்காரர் தலையைச் சொறிந்தார். “இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையேம்மா. ராஜாவே தினம் இந்தக் கதவுகிட்ட நின்னு அழுவானாம்.”

“அடைச்சவன் எதுக்கு அழணும்?”

“பாசமா இருக்கும்” என்றான் தம்பி.

கணவன் காதில் இதெல்லாம் விழவே இல்லை. அவன் கண் தாழ்ப்பாள்மேல் இருந்தது. துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை பரபரக்கும்.

“அடேயப்பா, இரும்புன்னா இதுதான்டா இரும்பு! ஏய், எண்ணெய் எடு.”

கொடுத்தாள். நிலைப்படியில் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு காலாகக் குந்திக்கொண்டு துருவைச் சுரண்டினான். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டான். கல்லால் தட்டினான். கதவு முனகிக்கொண்டு அசைந்தது. தாழ்ப்பாள் வெண்ணெயில் கத்தி போல ஓடியது.

“இனிமே யானையே வந்து முட்டினாலும் திறக்காது!”

“அண்ணி, ஒரு டீ போடுங்களேன்.”

“அப்படியே என் சட்டையையும் பிழிஞ்சு காயப்போடும்மா.”

அவள் அடுப்பை இறக்கி மாமனார் முன்னால் வைத்தாள். பாத்திரங்களைக் கொழுந்தன் பக்கம் நகர்த்தினாள். போர்வையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

“உள்ளே ஒழுகுதான்னு பார்க்கறேன்.”

“ஒழுகுதா?” என்று கணவன் குரல் கொடுத்தான்.

“இல்லைங்க. நல்லாக் காஞ்சு கிடக்கு.”

கதவு சாத்திக்கொண்டது. எண்ணெய் குடித்த தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

“ஏய், என்ன விளையாட்டு இது?”

திறக்கப் பாய்ந்தவனின் கை கதவு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை, கொண்டி இல்லை, எந்தக் காலத்திலும் எதுவும் இருந்ததற்கு ஓர் ஆணித் தழும்புகூட இல்லை.