இன்றைய கட்சிக்காரி

"பெத்த மகனே என்னைய வெளிய போகச் சொல்லிட்டான் தாயி" என்று சொல்லி அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எதிரே இருந்த மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"மிஸ், நீங்க நாடகத்துக்கே போயிருக்கலாம்!" என்றான் சதீஸ்.

அந்த அம்மா வேறு யாருமில்லை, கலைச்செல்வி மிஸ்தான். சட்டக் கல்லூரியின் இலவசச் சட்ட உதவித் திட்டம் அவர் பொறுப்பில். மாதத்தில் ஒரு ஞாயிறு மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு பலாங்கொடைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வருவார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு, தோட்டத்து ஆட்களின் வழக்குகளை மாணவர்கள் கேட்டு எழுதுவார்கள்.

இன்று கொழுந்து பறிக்க இரட்டைச் சம்பளம். ஆட்களெல்லாம் மலையில். காம்பராவில் வெறும் தொட்டில்கள்தான் தொங்கின.

"சும்மா ஏன் கொட்டாவி விடுறீங்க? நான் வழக்கு கொண்டு வர்ற கட்சிக்காரியா நடிக்கிறேன், நீங்க கேளுங்க" என்று மிஸ்ஸே கட்சிக்காரர் உட்காரும் நாற்காலிக்கு மாறியிருந்தார். வக்கீலாகக் கேட்கிற முறை மாணவி ஷாமிளாவுக்கு.

டிரைவர் றம்ஸீன் வாசலில் குடையை உதறினான். "மிஸ், வேன் ஒழுகுது. ஒங்கட ரெண்டு சூட்கேஸையும் முன் சீட்டுக்கு எடுத்து வெச்சிட்டேன். ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவு சாமானா?"

"சரி தம்பி" என்றார் மிஸ். "நீ கேளு ஷாமிளா."

"வீடு யார் பேருலம்மா இருக்கு?"

"அவங்க அப்பா செத்தப்புறம் மகன் பேருக்கே உறுதிப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேன். லண்டன்ல இருந்துக்கிட்டே வித்துட்டான்."

"உங்க காலம் வரைக்கும் நீங்க அங்க இருக்கலாம்னு உறுதியில ஒரு வரி எழுதிக்கலியா?"

"மகன்தானேன்னு விட்டுட்டேன்."

"மொத வகுப்புலயே நம்ம மிஸ் சொல்லித் தந்த பாடம்!" என்று சதீஸ் தொடையில் தட்டினான். "இந்தம்மா மட்டும் மிஸ்ஸ பாத்திருந்தா தப்பிச்சிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"மகன்கூட பேசிப் பாத்தீங்களா?"

"போன எடுக்க மாட்டேங்கிறான். வீட்ல டீவிய சத்தமா போட்டுட்டுத்தான் சோறு திங்கிறது. மனுசக் குரல் கேக்கணும்ல."

ஷாமிளா எழுதுவதை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். என்ன நடிப்பு!

"எப்பக்குள்ள வீட்ட விடணும்?"

"நேத்தே சாவிய வாங்கிட்டாங்க."

"அப்ப இன்னைக்கு ராவுக்கு எங்க படுப்பீங்க?"

மிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் வேன் ஹார்ன் அடித்தது; சதீஸும் மற்றவர்களும் மழையில் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

ஷாமிளா காகிதங்களை அடுக்கினாள். "எப்படி கேட்டேன் மிஸ்?"

"நல்லா கேட்ட. மொதக் கேள்விய மட்டும் விட்டுட்ட."

"ஐயோ, பேரு!" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி பேனாவைத் திறந்தாள். "இந்தம்மாவுக்கு என்ன பேரு வைக்கலாம் மிஸ்? அழகம்மான்னு போடவா?"

மிஸ் இன்னும் கட்சிக்காரியின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என் பேரையே எழுதும்மா."