கடை காலி

"கனகா, இன்னிக்கும் ஒருத்தன் வந்துட்டான். கடைக்கு வாடகை எவ்வளவுன்னு என்கிட்டயே கேக்கறான்! நான் உயிரோட உள்ள நிக்கறேன், அவன் சுவத்தைத் தட்டிப் பாக்கறான்!"

கவின்ராஜ் டயர் கழற்றும் லீவரை ஓரமாகப் போட்டுவிட்டு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். மத்தியானச் சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்த அவன் மனைவி கனகா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கைத் திறக்காமலே வைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? மேல பேச விடாம வெரட்டி விட்டுட்டேன். நேத்து வந்தவனையும் அப்படித்தான்."

மைசூரு நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் அந்தச் சின்ன டயர் கடைதான் இருவருக்கும் எல்லாமே. மாநில எல்லையான பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொளத்தூரிலிருந்து பஞ்சர் ஒட்டும் வேலைக்கு வந்தவன், சொந்தக் கடை வைத்து, கல்யாணமும் முடித்து, இப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்திருந்தான். நிமிர்ந்தவனைக் காலம் சும்மா விடுமா?

"டயர ஆன்லைன்ல வாங்கி வீட்டுக்கே வரவழைச்சுக்கறாங்க. சரி, மாட்டிக் குடுக்கற கூலியாவது மிஞ்சுதேன்னு இருந்தேன். எதுத்தாப்புல கம்பெனி ஷோரூம் வந்துச்சு. உள்ள ஏசி, வர்றவங்களுக்குக் காப்பி. புதுசா வர்ற கார்ல பாதிக்கு ஸ்டெப்னியே குடுக்கறதில்ல. அதையெல்லாம்கூடத் தாங்கிட்டேன் புள்ள. ஆனா ஆயுத பூஜைக்கு அப்பறம் ஒரு பஞ்சர்கூட வரலையே, அதான் எனக்குப் புரிய மாட்டேங்குது!"

"காத்து சும்மா அடிச்சுக் குடுத்தா, வந்தவங்க அப்படியே டயரையும் பாப்பாங்கன்னு நாந்தானுங்க புது மிஷின் வாங்கச் சொன்னேன்."

"ஓசிக் காத்துக்குக்கூட ஒருத்தன் நிக்கலையே!"

கனகா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, நான் வந்த நேரந்தான் சரியில்லையோ?"

"ஏய், அப்படிப் பேசாத!"

கவின்ராஜ் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கையெல்லாம் டயர்க் கரி. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"நீ வந்தப்பறந்தான் நான் வேளாவேளைக்குச் சாப்பிடறேன். பாஷை தெரியாத ஊருக்கு எனக்காக வந்து, பக்கத்து வீட்டு சோனியாகிட்டக் கேட்டுக் கேட்டுக் கன்னடம் கத்துக்கற. உன்னையக் குத்தம் சொல்லுவனா? இது பசவராஜ் சார் வேலை."

பசவராஜ்தான் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். மகளின் பிரசவத்துக்காக மாதக் கணக்கில் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்.

"அவருங்களா? உங்களப் பெத்த பையனாட்டம் பாக்கறவராச்சே!"

"ஷோரூம்காரன் குடோனுக்கு எடம் தேடறான். வாடகைய ஏத்திக் கேட்டிருப்பான். என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல மனசில்லாம, பெங்களூருல உக்காந்துக்கிட்டு ஆள அனுப்பறாரு. கடை போச்சுன்னா நாம கொளத்தூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"கட்டினாக் கட்டிக்கலாம். எங்க போனாலும் நான் கூட இருக்கறனுங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பசவராஜேதான். ஊரிலிருந்து வந்த கையோடு நேராக இங்கே வந்திருந்தார். கவின்ராஜோடு பழகிப் பழகித் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

"ஏனப்பா கவின்ராஜு, நான் ஊருல இல்லாத நேரமாப் பாத்து இப்படிப் பண்ணிட்டியே! போறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் போறனா? நீங்கதானே சார் ஆள் மேல ஆளா அனுப்பி வெரட்டறீங்க!"

"நானா? ஷோரூம்காரன் வந்து கேட்டான், ஹௌது, நெசந்தான். அங்கே என் பையன் கடை வெச்சிருக்கான், முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்." பெரியவரின் குரல் உடைந்தது. "நீ என்னடான்னா என்னையே திருப்பிக் கேக்கறே. இங்கே வா, நோடு, நீயே பாரு!"

கவின்ராஜின் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து வந்தார். கடை வாசலுக்கு மேலே கன்னடத்தில் எழுதித் தொங்கிய பலகையைக் காட்டினார்.

அந்த வேதனையிலும் கவின்ராஜின் முகத்தில் பெருமை பொங்கியது.

"எங்க கனகா எழுதினது சார்! நான் கன்னடம் நல்லாப் பேசுவேன், ஒரு எழுத்து படிக்க வராது. அவ ஆயுத பூஜைக்குத் தன் கையாலயே பெயிண்ட் எடுத்து எழுதி மாட்டிட்டா. இங்க காத்து இருக்குன்னு போட்டிருக்கா."

பசவராஜ் பலகையைப் பார்த்தார். வாசலில் நின்ற கனகாவைப் பார்த்தார். மீண்டும் பலகையைப் பார்த்தார். அவர் மீசைக்குள் ஏதோ துடித்தது.

"இதை எப்படி எழுதினே, தாயி?"

"'காலி இதெ'ன்னு கன்னடத்துல எழுதித் தாங்கன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்டக் கேட்டனுங்க. அவங்க குடுத்ததப் பாத்து அப்படியே எழுதினேன்."

"அந்தம்மாவும் நீ சொன்னபடியேதான் எழுதிக் குடுத்திருக்கு! காத்துன்னா எங்க கன்னடத்துல நாக்கை மடிச்சுக் 'காளி'ன்னு சொல்லணும், தாயி. 'காலி'ன்னா உங்க தமிழ்ல இருக்கற அதே காலிதான். கடை காலியா இருக்கு, வாடகைக்கு வாங்கன்னு ஆயுத பூஜையிலிருந்து ஊரையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கறது நீதாம்மா!"