கேட்டது யார்?

"டாக்டர் மாதிரி நடிச்சிருக்கார் சார். அதுவும் கண்ணு தெரியாதவர்கிட்ட."

பயிற்சி டாக்டர் இப்படிச் சொன்னதும், ரவுண்ட்ஸ் வந்திருந்த பெரிய டாக்டர் பதினோராம் நம்பர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகியிருந்த பூட்டு ரிப்பேர்க்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். காலையில், கண் தெரியாத பன்னிரண்டாம் நம்பர்க்காரருக்குப் போட நர்ஸ் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து இவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பெனிசிலினாம்மா அது? அவருக்கு ஒத்துக்காது. ஒரு தடவை மூச்சே நின்னுபோகப் பார்த்துச்சாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர்தான் சொன்னார்."

நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று எழுதி, கீழே பயிற்சி டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"கேஸ் கேட்டப்பவே சொன்னேனேம்மா" என்றார் பன்னிரண்டாம் நம்பர்க்காரர். "அரை மணி நேரம் எல்லாத்தையும் சொன்னேனே."

பயிற்சி டாக்டர் அங்கே இருந்தது பத்து நிமிஷம்கூட இல்லை. மீதி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டது பூட்டு ரிப்பேர்க்காரர் என்று எதிர்க் கட்டிலில் இருந்தவர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"ஏங்க, ஒரு மனுஷர் டாக்டர்னு நம்பி உடம்பு விஷயம், வீட்டு விஷயம் எல்லாம் சொல்றார்" என்றார் பெரிய டாக்டர். "அதைக் கேட்க நீங்க யாரு?"

"தப்புதாங்க."

"ஏன் செஞ்சீங்க?"

அவர் பன்னிரண்டாம் கட்டிலைப் பார்த்தார். பயிற்சி டாக்டரைப் பார்த்தார். அவளுக்கு இருபத்து மூணு வயசு இருக்கும். தூக்கமில்லாத முகம். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறவர், வாயைத் திறக்க மாட்டேங்கிறார்" என்றாள் நர்ஸ். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"மன்னிச்சிருங்க. இனிமே செய்யலை."

பெரிய டாக்டர் பயிற்சி டாக்டர் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டாம் நம்பருக்குச் சுத்தமா பார்வை இல்லையா?"

"இல்லை சார்."

"கூட யார் இருக்காங்க?"

"தெரியலை சார்."

"யாரும் இல்லீங்க" என்றார் பூட்டு ரிப்பேர்க்காரர், நிமிராமலே. "சம்சாரம் தவறி ஆறு வருஷமாச்சு. இவர் டெலிபோன் ஆபரேட்டரா இருந்தவர். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்திருக்கார். இப்ப வீட்டுல போன் அடிச்சா ராங் நம்பராத்தான் இருக்குமாம்."

"இதையும் கேட்டாச்சா?"



"டாக்டர்" என்று பன்னிரண்டாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "என்னை யாரும் ஒண்ணும் கேட்கலையே."

பெரிய டாக்டர் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க. இவர் உங்களை ஏமாத்திட்டாரா?"

"இல்லை. முப்பது வருஷம் குரலை வச்சே பிழைச்சவன் நான். அவர் போட்ட முதல் 'உம்'லயே ஆள் வேறன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் பேசினீங்க?"

"கேட்க ஒரு ஆள் இருந்தாரே."

அவர் கட்டில் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"அவர் வந்து உட்கார்றதுக்கு முன்னாடி, சுத்தி நாலஞ்சு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டுது. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு புரியலை. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவர் வந்து 'உம்' கொட்டினதும் சிரிப்பு நின்னுபோச்சு."

பயிற்சி டாக்டர் கையில் இருந்த கேஸ் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நின்றிருந்த பக்கம் சரியாக முகத்தைத் திருப்பி, கோபமே இல்லாமல் அவர் கேட்டார்:

"டாக்டரம்மா, நீங்க எப்போ எழுந்து போனீங்க?"