பெருச்சாளி கொடுத்த நெய்ச்சோறு

வேப்பமரத்தடிப் புல்வெளியில்தான் காக்கைக் குஞ்சுகள் பறக்கப் பழகும். விழுந்தாலும் அடிபடாது. அந்த இடத்தைச் சந்தையாக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவரான எருமையிடம் பெருச்சாளி கேட்டிருந்தது. சந்தை வந்தால் மீன்கடை வரும், மீன்கடை வந்தால் பூனை வருமே என்று கறுப்பாயிக் காகத்துக்கு ஒரே கவலை.

மற்ற காகங்கள் இரை தேடப் போயிருக்கும் மத்தியானமாகப் பார்த்து, பெருச்சாளி எருமையை விசாரணைக்கு அழைத்து வந்தது. கறுப்பாயி மட்டும் குஞ்சோடு கூட்டில் இருந்தது. சந்தை வேண்டாம் என்று அது சொல்லிப் பார்த்தது.

"ஒரே ஒரு குரலை வைத்து நான் தடுக்க முடியாதும்மா," என்றது எருமை.

அந்த ஒரு குரலையும் அடைத்துவிட நினைத்த பெருச்சாளி, பெரிய நெய்ச்சோற்று உருண்டை ஒன்றை மரத்தடிக்கு உருட்டி வந்தது.

"இளைச்சுப் போயிட்டீங்களே அக்கா. முதல்ல சாப்பிடுங்க."

சோற்றைக் கண்டதும் கறுப்பாயி கழுத்தை நீட்டிக் கரைந்தது.

"எதுக்கக்கா கூப்பாடு? இது உங்களுக்கு மட்டும்தான்."

"தனியாத் தின்னா எங்களுக்குத் தொண்டையில இறங்காது தம்பி," என்று மறுபடியும் கரைந்தது.

எந்தெந்தக் கூரையிலோ இருந்த காகங்களெல்லாம் வந்து இறங்கின. கறுப்பாயி விஷயத்தைச் சொன்னது.

"ஆட்சேபணை உண்டா?" என்று எருமை கேட்டது. எழுந்த சத்தத்தில் அதன் காது மடங்கிப் போயிற்று.

"புல்வெளி அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தது.

சோறு ஆளுக்கொரு பருக்கைதான் வந்தது. சாயங்காலம் கறுப்பாயியின் குஞ்சு கிளையிலிருந்து தாவி, புல்லில் பொத்தென்று விழுந்து, சிறகை உதறி எழுந்தது.

"எங்கே, இன்னொரு தரம்," என்றது கறுப்பாயி.