கோலாலம்பூர் வாடகை

"வாடகையில ஒரு வெள்ளிகூடக் குறைக்க முடியாதுக்கா," என்றான் டாக்சிக்காரன் தேவதாஸ்.

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து இருபது வருஷமாகியும் கணவனின் டயாலிசிஸுக்குக் கோலாலம்பூர்தான் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்கே காதுத் தோட்டை விற்றாயிற்று.

"கிட்னி கெட்டுப்போன மனுசன் தம்பி! நோயாளி வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

அவன் வண்டியைக் கிளப்பினான். தங்கள் ஊரான காஜா பேராங்கிலிருந்து வழிநெடுக அவள் வாய் ஓயவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வாடகையை அவன் மடியில் விட்டெறிந்துவிட்டு, கணவனைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனாள்.

கணவன் கையில் ஊசி ஏறுவதைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

தேவதாஸ்!

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க வாடகையைத்தான் இப்ப என் டயாலிசிஸுக்குக் கவுண்டர்ல கட்டிட்டு வந்தேன்."