மெக்கானிக்குக்கு எதுக்கு பேஸ்வாஷ்?

"ஏம்மா, இந்த பேஸ்வாஷைப் படுத்துக்கிட்டே போடலாமா?"

மெக்கானிக் கேட்ட கேள்வியில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அழகுசாதனக் கடையில் நின்று, ஊருக்கே முகம் கழுவச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். அவள் வீட்டுக்காரரான இந்த மெக்கானிக்கோ கிரீஸ் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொள்கிற ஆள். ஒரு வாரமாக அவர் பாடம் கேட்கிறார்!

"எவ்வளவு எடுக்கணும்?"

"பட்டாணி அளவு போதும். முதல்ல முகத்தை நனைக்கணும். கையிலயே நுரை வரவெச்சு, வட்டமா, மெதுவா தேய்க்கணும். பரபரன்னு தேய்ச்சா போட்டதே வேஸ்ட்டு."

"கண்ணுல போயிடாதே?"

"மூடிக்கிட்டா ஏன் போகுது? யாருக்குங்க இதெல்லாம்?"

"எனக்குத்தான்" என்று நழுவினார்.

டியூப் பாதி காலி. அவர் மூஞ்சியோ அதே பழைய மூஞ்சி. மூக்கோரத்துக் கரிகூட அப்படியே இருந்தது. அப்படியென்றால் பேஸ்வாஷ் எந்த மூஞ்சிக்குப் போகிறது?

கடையில் பில் போடும் அக்காவிடம் புலம்பினாள்.

"படுத்துக்கிட்டேவா?" அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "எனக்கென்னவோ சரியாப் படலைடி. கையும் களவுமா பிடி!"

மறுநாள் வேலைவிட்டு வந்தவர், டியூப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மறுபடி கிளம்பினார். இவளும் பின்னாலேயே போனாள்.

பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்.

நர்ஸா? அவள் நடையை எட்டிப் போட்டாள்.

ஆனால் அவர் போனது ஆண்கள் வார்டுக்கு. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கதவோரமாக எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு கட்டிலில் படுத்திருந்தவர், அவளுடைய அப்பா.

'மெக்கானிக் பயலா? அவன் மூஞ்சியைக்கூட நான் பார்க்க மாட்டேன்' என்று அவளை வீட்டைவிட்டு அனுப்பியவர். இன்றுவரை பார்க்கவும் இல்லை.

"அப்பா மாடிப்படியில விழுந்துட்டார்" என்று அண்ணன் போன் செய்தபோது, "எனக்கென்ன வந்தது?" என்று பட்டென்று வைத்தவள் அவள்தான். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அப்பாவின் கன்னத்தில் நுரை. அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே மெக்கானிக் வட்டமாக, மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடிக்குங்க ஐயா."

அப்பா சமர்த்தாக மூடிக்கொண்டார்.

"இந்த ஆஸ்பத்திரி ஆளுங்கள்ல நீ ஒருத்தன்தான் தம்பி மனுஷன். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. உன்னை மாதிரி ஒருத்தனைக் கட்டியிருந்தா, நான் ஏம்ப்பா அவளைத் துரத்தப்போறேன்?"